அரிசிச் சமையலில் ஒளிந்திருக்கும் கோதுமை

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து தில்லிக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏழு வயது மகனுக்குச் சீலியாக் நோய் இருப்பது இரத்தப் பரிசோதனையிலும் சிறுகுடல் பயாப்ஸியிலும் உறுதியாகிவிட்டது. பள்ளியிலிருந்து திங்கள் பராத்தா, செவ்வாய் பாஸ்தா, புதன் சாண்ட்விச் என்று வாரம் முழுவதற்கும் டிபன் பட்டியல் வருகிறது. வீட்டிலோ, "நாம் அரிசி சாப்பிடுகிறவர்கள்தானே, சப்பாத்தியை நிறுத்தினால் போதாதா" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்படியே நிறுத்தி நான்கு மாதங்கள் ஆகியும் வயிற்றுவலி முழுவதுமாக நிற்கவில்லை. இந்நிலையில், கோதுமை இல்லாமல் பள்ளிக்கு என்ன கட்டிக் கொடுப்பது என்றும், நான்கு வயது மகள் உட்பட வீட்டில் எல்லோருமே கோதுமையை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தில்லியில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் குடல்நோய்ப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக டயட்டீஷியனாக இருக்கிறேன், மருத்துவர் அல்ல. உங்கள் மகனின் அறிக்கைகளை நான் பார்த்ததில்லை. ஆகவே மருந்து, இரும்புச்சத்தின் அளவு போன்றவை பற்றிச் சொல்ல மாட்டேன். சமையலறை, மாவு மில், டிபன் பாக்ஸ் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வடநாட்டுக் குடும்பங்களைவிடத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரொட்டி தின்று வளர்ந்த குடும்பம் நோயின் பெயரைக் கேட்டதுமே பயந்து சமையலறையைத் தலைகீழாக மாற்றிவிடும். நாமோ, நம்முடையது அரிசிச் சமையல்தானே என்ற நிம்மதியில் பாதியிலேயே நின்றுவிடுகிறோம்.

அடிப்படையை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டதும் உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்குவதுதான் சீலியாக் நோய். இதற்கு இன்றைக்குள்ள ஒரே சிகிச்சை, வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதுதான். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. சம்பா கோதுமை பரவாயில்லை, புளிக்க வைத்த பிரெட் பரவாயில்லை, ஓர் ஆண்டு பத்தியம் இருந்தால் குணமாகிவிடும் என்றெல்லாம் யாராவது சொல்வார்கள். அவை எல்லாம் தவறு. தில்லிக்கு வந்ததால்தான் இந்த நோய் வந்ததா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வின்படி, வடக்கே நூறு பேரில் 1.23 பேருக்கும் தெற்கே 0.10 பேருக்கும் இந்த நோய் இருந்தது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவோ இரு பக்கமும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருந்தது. பெரிய வேறுபாடு நாள்தோறும் உண்ணும் கோதுமையின் அளவில்தான்: வடக்கே சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம். ஊர் மாறியதும் கோதுமை கூடியது உங்கள் மகனின் நோயை முன்கூட்டி வெளிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் ஒரு தனிக் குழந்தையின் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

இனி, சப்பாத்தியை நிறுத்தியும் வலி ஏன் நிற்கவில்லை என்பதற்கு வருவோம். குடல் ஆறவே மாதக்கணக்கில் ஆகும் என்பதால் நான்கு மாதங்களில் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்பதில்லை. இருந்தாலும் இப்படிப்பட்ட வீடுகளில் நான் முதலில் கேட்பது பெருங்காய டப்பாவைத்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். சோறு, இட்லி, தோசை தவிர வேறொன்றும் சாப்பிடுவதில்லை என்று அவளுடைய அம்மா சத்தியம் செய்தார். அப்படியும் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தின் (ஆன்டிபாடி) அளவு மூன்று பரிசோதனைகளிலும் இறங்கவேயில்லை. நான்காம் முறை வரும்போது அஞ்சறைப்பெட்டிச் சாமான்கள் எல்லாவற்றையும் அவற்றின் உறையோடு கொண்டுவரச் சொன்னேன். அவர் மேசையில் அடுக்கிய பொருள்களில் மஞ்சள் நிறப் பெருங்காய டப்பா ஒன்று இருந்தது. அதன் பின்புறம், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில், "கோதுமை மாவு" என்று அச்சிட்டிருந்தது.

கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். தூய பிசினின் காரம் தாங்க முடியாதது என்பதால் அதில் கருவேலம் பிசினும் மாவும் சேர்க்கிறார்கள். அந்த மாவு சில தயாரிப்புகளில் அரிசி, பலவற்றில் கோதுமை அல்லது மைதா. கட்டிப் பெருங்காயம் என்றால் தூயது என்று நினைத்துவிடக் கூடாது, கட்டியிலும் கூட்டு உண்டு. ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும் என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது என் தோராயக் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். டப்பாவில் உள்ளதில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால், அந்த மாவின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். நால்வருக்கு வைக்கும் சாம்பாரில் 1 கிராம் பெருங்காயம் போட்டால் 50 மில்லிகிராம் குளூட்டன் அதில் சேர்கிறது. குழந்தையின் பங்கு 12 மில்லிகிராம். ரசத்தில் ஒரு முறை, தயிர்சாதத் தாளிப்பில் ஒரு முறை, மாலையில் தின்னும் தட்டையில் ஒரு முறை என்று சேர்த்தால் நாளைக்கு 40 மில்லிகிராமைத் தொட்டுவிடும். பெரியவர்களிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நாள்தோறும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதங்கள் உட்கொண்டவர்களின் குடலில் சேதம் தெரிந்தது. நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குத் தீங்கு வருவதில்லை என்பது பொதுவான கருத்து. ஒரு பிரெட் துண்டில் சுமார் 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டால், எவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது விளங்கும். அரிசி மாவு சேர்த்த, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பெருங்காயம் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் சீரகமும் பூண்டும் போட்டுச் சமாளியுங்கள். வீட்டுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று இரண்டு டப்பா வைக்காதீர்கள். அவசரத்தில் கை பழைய டப்பாவுக்குத்தான் போகும்.

அடுத்த சந்தேகம் மாவு மில். தில்லியின் ஆட்டா சக்கியில் ஒரே கல்லில் கோதுமையும் மக்காச்சோளமும் கடலைப்பருப்பும் மாறி மாறி அரைபடுகின்றன. கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, தினை எதிலும் இயற்கையாகக் குளூட்டன் இல்லை. ஆனால் முன்னால் நிற்பவர் பத்துக் கிலோ கோதுமை அரைத்த கல்லில் அரைத்த கேழ்வரகு மாவை நான் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஊரிலிருந்து பாட்டி அரைத்து அனுப்பும் பொருள்களில் முறுக்கு மாவுக்கும் இதே பிரச்சினைதான். சத்துமாவோ அதைவிட நேரடியான ஆபத்து. அதில் வறுத்த கோதுமையும் பார்லியும் சேர்ப்பது பல வீடுகளில் வழக்கம். கடைகளில் விற்கும் ராகி சேமியா, ராகி பிஸ்கட், மல்ட்டிகிரெய்ன் பிரெட் ஆகியவற்றின் பெயரை நம்பாமல் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் கோதுமையோ மைதாவோ இருக்கும். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்கள் பார்லியில் செய்பவை, ஆகாது. மால்ட் சாறு சேர்த்த கார்ன்ஃபிளேக்ஸும், கோதுமை சேர்த்துக் காய்ச்சிய சோயா சாஸும் அப்படித்தான்.

ஆகவே நம் சமையலில் இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு, ஈரமாக அரைப்பதுதான் என்று சொல்வேன். முழுத் தானியத்தையும் முழுப் பருப்பையும் மூடிய பாக்கெட்டில் வாங்குங்கள். திறந்த மூட்டையில் வாங்கினால், தலியாவை, அதாவது உடைத்த கோதுமையை, அள்ளிய அதே கரண்டியாலேயே துவரம்பருப்பையும் அள்ளிப் போடுவார்கள். வாங்கியதை ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தால், ஒரு கிலோ பருப்பில் நடுவே கோடு விழுந்த கோதுமை மணி ஒன்றோ இரண்டோ அகப்படுவது உண்டு. பொறுக்கி, மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, ஊறவைத்து, வீட்டு கிரைண்டரில் அரைத்துவிட்டால், அடை, பெசரட்டு, இட்லி, தோசை, கேழ்வரகு தோசை என்று வாரத்தின் பெரும்பகுதி கவலையில்லாமல் ஓடிவிடும். கடலைமாவு தேவைப்படுகிற இடத்தில் ஊறவைத்த பருப்பைப் பயன்படுத்துவது எவ்வளவோ மேல். தில்லி குளிரில் மாவு பொங்காது என்ற குறை உங்களுக்கும் இருக்கும். அரைக்கும்போது ஒரு கைப்பிடி ஊறவைத்த அவலும் சிறிது வெந்தயமும் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, விளக்கு மட்டும் எரியும் ஓவன் அடுப்புக்குள் இரவு முழுவதும் வைத்தால் ஜனவரியிலும் பொங்கும்.

பள்ளியின் பட்டியலோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அதைப் பார்வைக்கு ஒத்ததாக மாற்றிவிடலாம் என்பது என் அனுபவம். ஏழு வயதில் பையனுக்கு ருசியைவிடப் பெரிய விஷயம், பக்கத்தில் இருப்பவன் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து "யே க்யா ஹை" (இது என்ன) என்று கேட்காமல் இருப்பது. பாஸ்தா, நூடுல்ஸ் நாளில் சேவை கட்டிக் கொடுங்கள். புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்துக் கிளறி, சேவை நாழியில் பிழிந்து, துருவிய காரட்டும் குடைமிளகாயும் வதக்கி, மிளகுத்தூள் தூவிப் புரட்டினால், எட்டிப் பார்ப்பவனும் ஒரு வாய் கேட்பான். பராத்தா நாளில் அடையைச் சின்னச் சின்னதாக வார்த்து, நெய் தடவி மடித்து வையுங்கள். சாண்ட்விச் நாளில் தட்டு இட்லியைக் குறுக்கே அறுத்து, நடுவில் கொத்தமல்லிச் சட்னியும் பனீர்த் துண்டும் வைக்கலாம். உப்புமா என்றால் அரிசி உப்புமா. அரிசியையும் துவரம்பருப்பையும் வீட்டு மிக்ஸியிலேயே உடைத்துக்கொள்ளுங்கள். ரவா இட்லியும் ரவா தோசையும் கோதுமை ரவைதான் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பள்ளி விழாவில் "சவுத் இந்தியன்தானே" என்று ஆசிரியை அன்போடு நீட்டுவது அவையாகத்தான் இருக்கும். மகனுக்குச் சொல்லி வையுங்கள்.

ரொட்டியேதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் நாளும் வரும். வீட்டிலேயே உலர அரைத்த அல்லது சோதித்துச் சான்றளித்த சோள மாவில் செய்யுங்கள். குளூட்டன் இல்லாத மாவுக்கு இழுவை கிடையாது, ஆகையால் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை விட்டுக் கரண்டியால் கிளறி, பத்து நிமிடம் மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைய வேண்டும். ஒரு கப் மாவுக்கு ஒரு சிறிய வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, ஒரு டீஸ்பூன் இசப்கோலும் சேர்த்தால், காலை ஆறு மணிக்குச் சுட்ட ரொட்டி மதியம் டப்பாவைத் திறக்கும்போது விண்டு விழாமல் இருக்கும். சப்பாத்திக் கட்டையையும் பலகையையும் மட்டும் தனியாக வாங்கிவிடுங்கள். தயிர்சாதத்துக்கு வழக்கமான வழியே போதும்: குழைந்த சோற்றைச் சூட்டோடு மசித்து, பால் நிறைய விட்டு, ஆறியபின் ஒரு ஸ்பூன் தயிர். ஏப்ரல் முதல் ஜூலை வரை அது மதியத்துக்குள் தானே பதமாகும். குளிர்காலத்தில் பால் பாலாகவே கிடக்கும் என்பதால் நேராகத் தயிரிலேயே பிசையுங்கள். நவராத்திரி விரதத்துக்கென்று இங்கே விற்கும் குட்டு ஆட்டா, அதாவது பக்வீட் மாவு, பெயரைக் கேட்டால் கோதுமை போலத் தோன்றினாலும், கோதுமை இனமே அல்ல. சிங்காடா (நீர்க்கொட்டை) மாவும் அப்படித்தான். பழைய குட்டு மாவு வயிற்றைக் கெடுக்கும், ஆகவே புதிதாக, மூடிய பாக்கெட்டில் வாங்குங்கள்.

பாத்திர பண்டம் பற்றிப் பயமுறுத்தும் செய்திகள் நிறைய உலவுகின்றன. அவற்றில் உறுதியானவை சில, மிகையானவை சில. குளூட்டன் ஒரு கிருமி அல்ல. கொதிக்க வைத்தாலோ பொரித்தாலோ அது அழிவதில்லை. அதனால் பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது. சானிடைசர் தடவினால் கையில் ஒட்டிய மாவு போகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால் போகும். மகன் சாப்பிடும் முன் கை கழுவியாக வேண்டும் என்று ஆசிரியையிடம் அழுத்திச் சொல்லுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தையும் டிபன் பாக்ஸையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். சல்லடை, மரக் கட்டை, மாவு ஏறிய பழைய தோசைக்கல் மூன்றையும் தனியாக வைக்கச் சொல்வேன். டோஸ்டரைப் பற்றி முன்பு மிகக் கடுமையாக எச்சரித்துவந்தேன். அமெரிக்காவில் நடத்தி 2020-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பொது டோஸ்டர் வழியாக ஒட்டும் அளவு அஞ்சியதைவிட மிகக் குறைவாக இருந்தது. கோதுமைப் பாஸ்தா வேகவைத்த தண்ணீரிலேயே மற்றதையும் வேகவைத்தபோதுதான் அளவு கூடியது. ஒரு சிறிய ஆய்வை வைத்துக்கொண்டு முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் டோஸ்டருக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓட்ஸ் இன்னும் ஐயத்துக்குரிய பகுதி. தூய ஓட்ஸ் பெரும்பாலான சீலியாக் குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்கிறது, மிகச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. சாதாரண ஓட்ஸிலோ கோதுமைக் கலப்பு இருக்கும். முதல் ஓராண்டு அதைத் தொட வேண்டாம் என்பதே என் வழக்கம். பாக்கெட் பொருள்களைப் பொறுத்தவரை, இந்தியாவில் குளூட்டன் இல்லை என்று எழுத வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. குளூட்டன் உள்ள தானியம் சேர்த்திருந்தால் உறையில் தனியாக அறிவிக்க வேண்டும் என்பதும் விதி. அந்த அறிவிப்பைப் படிக்க உங்கள் மகனுக்கே கற்றுக்கொடுங்கள். ஏழு வயதில் முடியும்.

பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள், இந்தியிலும் ஆங்கிலத்திலும். "குளூட்டன்" என்ற சொல் ஆயாம்மாவுக்கு ஒன்றும் சொல்லாது; ஆட்டா, மைதா, சூஜி (ரவை), தலியா, ஜௌ (பார்லி) என்று பெயர் பெயராக எழுதி, சமோசா, பிரெட் பக்கோடா, கேக், பிஸ்கட் என்று பண்டங்களையும் எழுதுங்கள். முன்பெல்லாம் சுருக்கமாக அலர்ஜி என்று சொல்லிவிடுங்கள் என்பேன். அப்படிச் சொன்ன ஒரு பள்ளியில், பக்கத்துப் பையனின் ரொட்டித் துணுக்கு மேலே பட்டதற்கே குழந்தையைத் தனி மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குப் பின் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். தொட்டால் ஒன்றும் ஆகாது, வாய்க்குள் போகக் கூடாது என்றே எழுதுங்கள். பிறந்தநாள் கேக் வரும் நாள்களுக்கென்று கடலை மிட்டாய், பொட்டுக்கடலை உருண்டை, வீட்டில் வறுத்த மக்கானா (தாமரை விதைப் பொரி) போட்ட ஒரு டப்பாவை ஆசிரியையின் அலமாரியில் வைத்து, மாதத்துக்கு ஒரு முறை நிரப்புங்கள். கைவேலை வகுப்பில் மைதாவில் செய்த வண்ணக் களிமண் கொடுத்தால், வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும். இந்த வயதில் விரல் வாய்க்குப் போகும்.

சத்து விஷயத்தில் ஒன்றே ஒன்று. வெள்ளைச் சோற்றையும் இட்லியையும் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தால் நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் வரும். அதையும் சிலர் நோயின் வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாளுக்கு ஒரு வேளை முழுப் பயறு, ஒரு வேளை கீரை, வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எதிர்ப்புப் புரதப் பரிசோதனையை ஆறு மாதத்தில் ஒரு முறை திரும்பச் செய்வார்கள். அளவு இறங்கிக்கொண்டே வந்தால் வழி சரி. இறங்காவிட்டால் பெருங்காய டப்பாவில் தொடங்கி மறுபடியும் தேடுங்கள்.

வீட்டில் எல்லோரும் கோதுமையை விடலாமா என்று கேட்டீர்கள். சமையல் எளிதாகும் என்பதால் விடலாம். ஆனால் நாளைக்கே வேண்டாம். நோயாளியின் உடன்பிறந்தோர், பெற்றோரில் சுமார் 7 முதல் 10 விழுக்காட்டினருக்கு அறிகுறியே இல்லாமலும் இந்த நோய் இருக்கக்கூடும். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லும். நிறுத்திச் சில மாதங்கள் கழித்து எடுத்தால் இருப்பதையும் இல்லை என்று காட்டிவிடும். ஆகவே நான்கு வயது மகளையும் நீங்கள் இருவரையும் முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முடிவு கைக்கு வரும்வரை மகளுக்குச் சப்பாத்தியை வழக்கம்போலக் கொடுங்கள், அண்ணன் தட்டிலிருந்து சற்றுத் தள்ளி.